நன்றி சொல்லிக் கெட்ட ஜெயசீலன்

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில், ஓடாமல் போன ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, அதில் வெளிநாட்டுக்குப் போகும் மிஷனரிகளைத் தயாரிக்கிறார்கள். ஆண்களுக்கு மணமகன் அறை, பெண்களுக்கு மணமகள் அறை. கணவன் மனைவியாக வந்தவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். கடல் கடந்து கண்டம் கடந்து போகத் துணிந்த ஆண்மக்கள், சாப்பாட்டுக் கூடத்தைக் கடந்து மனைவியிடம் சோப்பு கேட்கப் போவதற்கு மட்டும் அனுமதி வாங்க வேண்டும்.

இந்த மண்டபத்துக்கு விக்கிரமங்கலம் ஜெயசீலன் தம் மனைவி சுகன்யாவோடு வந்து சேர்ந்தது சென்ற ஆண்டு. அதுவரை அவர் மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரது தாய் தந்தையர் பிறர் காட்டில் கூலிக்கு நின்றவர்கள். அதே காடுகளில் இவர் மிஷினோடு போய் இறங்கியபோது, காட்டுக்காரர்கள் "ஜெயசீலா, எங்க காட்டுக்கு எப்பப்பா வர்ற?" என்று போன் போட்டுக் கெஞ்சினார்கள். சோளம் அடித்து முடித்ததும் எல்லாருக்கும் டம்ளரில் டீ வரும். இவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். சுகாதாரத்தில் நம் மாவட்டங்கள் அடைந்த முன்னேற்றம் என்று அவர் அதை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு அழைப்பு வந்த வரலாறும் சுருக்கமானதுதான். ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் வேலை செய்யும் மிஷன்காரர்கள் ஊர்ச் சபையில் படம் காட்டினார்கள். அதில் ஒரு சோளக்காட்டு ஓரம் துருப்பிடித்துக் கிடந்த மிஷின் ஒன்று வந்தது. ஜெயசீலன் கண்ணீர் விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ஒடஞ்ச மிஷின் எங்க கெடந்தாலும் ஒங்களுக்கு அழைப்பு வந்துடும்" என்றார் சுகன்யா. ஆனாலும் பெட்டியைக் கட்டினார்.

மண்டபத்துச் சட்டத்தில் இரண்டு விதிகள் ஜெயசீலனின் தலைவிதியோடு சம்பந்தப்பட்டவை. நாற்பது வயது தாண்டினவர்களைப் புதிதாக அனுப்புவதில்லை. இவருக்கு நாற்பது முடிய ஆறேழு மாதம்தான் இருந்தது. இன்னொன்று, பயிற்சியின் கடைசி மாதத்தை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு கழிக்க வேண்டும். அங்கே பிரசங்கம் கூடாது, புத்திமதி கூடாது. போட்டதைச் சாப்பிட்டு, சொன்ன வேலையைச் செய்து, அவர்கள் வாழ்கிற மாதிரி வாழ வேண்டும். மாதம் முடிந்ததும் பயிற்சித் தலைவர் அறிவரசன் அந்த வீட்டுக்குப் போய் ஒரே கேள்வி கேட்பார்: "இவங்கள இன்னும் ஒரு மாசம் வெச்சுக்குவீங்களா?" ஆமாம் என்றால் மலாவி. இல்லை என்றால் விக்கிரமங்கலம்.

கடைசி மாதத்துக்கு முன்னால் உள்ள மாதங்களைச் சமையற்காரர் சுந்தராம்பாளின் கையில் கர்த்தர் ஒப்படைத்திருந்தார். மலாவிக்காரர்களுக்கு மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான் சோறு. சீமா என்பது அதன் பெயர். பழகிக்கொள்வதற்காகத் தினமும் காலையில் அதைத்தான் போட வேண்டும் என்பது உத்தரவு. சுந்தராம்பாள் அதை மனதார எதிர்த்தபடியே கிண்டினார்.

"நாமக்கல்லுக் கோழிக்கு லாரி லாரியா போறத ஒங்களுக்கு ஆக்கிப் போடுறேன். எனக்கு நரகந்தான்."

"நல்லாருக்குங்கம்மா" என்பார் ஜெயசீலன்.

"முட்டை வுடாம இருந்தா சரி."

களிக்குப் பிறகு செல்போனில் மலாவி மொழிப் பாடம். அதன் பிறகு ஒரே ஒரு குவளைத் தண்ணீரில் முகம் மழிப்பது, கொசுவலை கட்டுவது, மூன்று கல்லில் உலை வைப்பது. கேரியரில் மூட்டை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டும் வகுப்பில் சுகன்யா மண்டபத்தின் வாழைமரத்தைச் சாய்த்தார். மத்தியானம் வேதபாடம், அப்போது மட்டும் எல்லாரும் கண்ணை மூடித் தியானித்தார்கள். சிலருடைய தியானம் குறட்டையாக வெளிப்பட்டது.

அறிவரசன் பல வருஷம் மலாவியில் இருந்துவிட்டு வந்தவர். அவர் விழுந்து விழுந்து சொல்லிக்கொடுத்தது நன்றி. அந்த நாட்டில் எதை வாங்கினாலும் முழங்காலைச் சற்று மடக்கி, இரண்டு கைகளையும் குவித்து மெல்லத் தட்டி, "ஸிகோமோ" என்று சொல்ல வேண்டுமாம். உப்பு வாங்கினாலும் ஸிகோமோ, வழி கேட்டாலும் ஸிகோமோ.

"நம்ம ஆளுங்களுக்கு வாயில நன்றி வராது. அத ஒடைக்கணும். போற வூட்டுல, தமிழ்லயே சொல்லிப் பழகுங்க. ஒண்ணக்கூட வுடாதீங்க."

தும்மினாலும் ஸ்தோத்திரம், பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் ஸ்தோத்திரம் என்று வளர்ந்த ஜெயசீலனுக்கு இந்தப் பாடம் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. பரீட்சையில் அவரே முதல்.

கடைசி மாதத்துக்கு அவர்களுக்கு ஒதுக்கிய வீடு குன்னத்துக்குப் பக்கத்தில், நடராசன் வீடு. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற, சாமி கும்பிடுகிற விவசாயக் குடும்பம். மகன் சிங்கப்பூர் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று நடராசனின் மனைவி பொன்னம்மாள் ஒத்துக்கொண்டிருந்தார்.

வந்த அன்றைக்கு, எந்த ஊர் என்று மட்டும்தான் பொன்னம்மாள் கேட்டார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஊரைச் சொன்னால் மீதியைக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் கலை நம் பக்கத்தில் எல்லாருக்கும் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. தெரிந்துகொண்ட பிறகும், இருவரையும் உள்ளே உட்கார வைத்து, வீட்டுத் தட்டில் போட்டு, வீட்டு டம்ளரில் தண்ணீர் வைத்தார். ஜெயசீலன் அந்த டம்ளரைப் பார்த்தார். அறிவரசன் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. எழுந்து, கையைக் குவித்து, "ரொம்ப நன்றிங்கம்மா" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. தண்ணீருக்கு நன்றி, சோற்றுக்கு நன்றி, குழம்புக்குத் தனியாக ஒரு நன்றி. நடராசன் மின்விசிறியைப் போட்டால் அவருக்கும் ஒன்று. பயிற்சியின் ஞாபகத்தில் சில சமயம் கையையும் மெல்லத் தட்டிவிடுவார். நடராசன் அதிகம் பேசாதவர். ஆனாலும், நம்மைப் பார்த்து ஏன் இவன் கை தட்டுகிறான் என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

சுகன்யா வேறு மாதிரி. மூன்றாம் நாளே அரிசிப் பானைக்குள் கையை விட்டு உலைக்கு அளந்தார். "அக்கா, ஒங்க கொழம்புல புளி ஜாஸ்தி" என்று தீர்ப்பும் சொன்னார். வாங்கின எதற்கும் அவர் வாயிலிருந்து ஒரு நன்றி உதிரவில்லை. பாடத்தில் இவள் தேற மாட்டாள் என்று ஜெயசீலன் அவருக்காக இரகசியமாக ஜெபித்தார்.

இரண்டாம் வாரத்தில், காலைச் சாப்பாட்டின்போது பொன்னம்மாள் கரண்டியைச் சட்டியில் போட்டார்.

"ஏப்பா, நிறுத்து. தண்ணி குடுத்தா நன்றி, சோறு போட்டா நன்றி. நேத்து நாய வெரட்டுனதுக்கு ஒரு நன்றி. நான் என்னா, ஓட்டலா வெச்சிருக்கேன்?"

"இல்லம்மா, பழக்கத்துல..."

"யாருக்கு யாரு அம்மா? ஒன்னவிட நாலஞ்சு வயசு மூப்பு இருப்பனா நானு? கெழவி ஆக்கிப்புட்ட." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "எங்க வூட்டுல சோறு திங்கிறது என்னமோ பெரிய சலுகை மாதிரி வேளைக்கு வேளை சொல்லிக்காட்டுற. தெருவுல போறவங்க என்னா நெனைப்பாங்க? ஒன்ன உள்ள வுட்டதுக்கு நீ கும்புடுற மாதிரியும், நாங்க அத நின்னு வாங்கிக்கிற மாதிரியும்..."

நடராசன் இருமினார். பொன்னம்மாள் மீதியைச் சொல்லாமல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

ஜெயசீலனுக்குக் கண்முன்னால் மலாவி மங்கி, விக்கிரமங்கலம் தெளிவாகத் தெரிந்தது.

கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனார். "நன்றி சொன்னது ஒரு குத்தமாடி?"

"ஒங்க அக்கா வூட்டுக்குப் போனா, சோறு போட்டதுக்கு நன்றியா சொல்லுவீங்க?"

"கொழம்பு இன்னும் ஊத்துன்னு சத்தம் போடுவேன்."

"இங்க அப்படியா போடுறீங்க? போதும் போதும்னு தட்ட மூடுறீங்க. அரை வயித்துக்குத் தின்னுட்டு முழு நன்றி சொல்றீங்க."

பயிற்சி நிலையத்தில் யாரும் இதைப் பாடமாக வைக்கவில்லை. மறுநாளிலிருந்து ஜெயசீலன் வாயைக் கட்டிக்கொண்டார். சொல்லாத நன்றி தொண்டையில் நின்று அவருக்கு விக்கல் எடுத்தது. பொன்னம்மாள் தண்ணீர் கொடுத்தார். அதற்கும் சொல்ல முடியவில்லை. வீடு முன்னைவிட இறுகிப்போனது.

கடைசி வாரத்தில் ஒரு நாள், பொன்னம்மாள் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வேண்டுதல் என்று கிளம்பினார். மகனுக்குச் சிங்கப்பூர் வேலை கிடைத்தால் வருவதாக மாதாவிடம் சொல்லியிருந்தாராம். துணைக்குச் சுகன்யாவைக் கூட்டிக்கொண்டார். ஆக, சாமி கும்பிடுகிற வீட்டம்மாள் முன்னே நடக்க, பிரசங்கம் கூடாது என்று தடை போடப்பட்ட மிஷனரி பின்னால் மெழுகுவர்த்தி தூக்கிக்கொண்டு போனார். மாதா கோயில் தங்கள் சபை இல்லை என்று விளக்கச் சுகன்யாவுக்குச் சமயம் கிடைக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

நடராசன் அரியலூர் போயிருந்தார். ஜெயசீலன் வெங்காயக் காட்டில் களை கொத்திவிட்டு உச்சி வெயிலில் வீடு திரும்பினார். கூடத்தில் சோறும் ரசமும் மூடி வைத்திருந்தது. உட்கார்ந்து தின்று முடித்தார். வயிறு நிறையவில்லை. அடுப்பங்கரையிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது, கத்தரிக்காய் போட்டது.

அந்த அடுப்பங்கரைக்குள் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. வைக்காதே என்று யாரும் சொன்னதுமில்லை. நிலைப்படியில் நின்றார். ஜெபித்தாரா என்பது தெரியவில்லை. சட்டியை இறக்கி, பானையில் மிச்சமிருந்த சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். பிறகு இன்னொரு முறை ஊற்றினார். பிறகு சட்டியிலேயே பிசைந்தார்.

சாயங்காலம் பொன்னம்மாளின் குரல் தெருவுக்குக் கேட்டது.

"ஏய் ஜெயசீலா! அந்த மனுசன் அரியலூர்லேருந்து கருவாட்டுக் கொழம்புன்னு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவாரு! முள்ளக்கூட வுடலியேடா பாவி! சட்டியக் கழுவுற வேலைகூட எனக்கு வெக்கல!"

பக்கத்து வீட்டு மேகலா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "யாருக்கா, வந்திருக்குற தம்பியா?"

"அவனேதான்! என்னமோ கொஞ்சமா திங்கிறவன்னு நெனைச்சேன். வயித்துல கெணறு வெட்டி வெச்சிருக்கான்!"

ஜெயசீலனுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் வராமல், "நல்லாருந்துச்சுக்கா" என்று வந்தது.

"நல்லா இருக்காதா பின்ன? யாரு வெச்சது?" என்றபடி பொன்னம்மாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று நடராசன் மோர்ச்சோறு சாப்பிட்டார்.

ஜெயசீலன் பெட்டியைத் துடைத்து வைத்தார். மனைவியிடம், மிஷின் முதலாளிக்குப் போன் போட்டு மறுபடி வேலை கேட்க வேண்டும் என்றார். குழம்புக்காக ஒரு கண்டத்தை விட்டவர் என்று சபையில் பேசுவார்களே என்றுதான் அவருக்குக் கவலை.

மாதம் முடிந்தது. அறிவரசன் வந்தார். நால்வரையும் கூடத்தில் உட்கார வைத்து, அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், "எப்படி இருந்தாங்க?" என்றார்.

பொன்னம்மாள் தொடங்கினார். கருவாட்டுக் குழம்பை முதலிலிருந்து சொன்னார். கருவாடு எந்தச் சந்தையில் வாங்கியது, கத்தரிக்காய் யார் காட்டுடையது, சட்டி எந்த நிலையில் திரும்பக் கிடைத்தது எல்லாவற்றையும் சொன்னார். ஜெயசீலன் தரையைப் பார்த்தார். அறிவரசன் முகம் கறுத்தது.

"கேக்காம அடுப்படிக்குள்ள போனாரா?"

அப்போது நடராசன் வாயைத் திறந்தார்.

"பசிச்சுது, எடுத்துத் தின்னான். அவன் வூட்டுல அவன் யாரக் கேக்கணும்?"

சுகன்யா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப, இன்னும் ஒரு மாசம் வெச்சுக்குவீங்களா?" என்றார் அறிவரசன்.

"வெச்சுக்கிறதுக்கு அவன் என்னா ஆட்டுக்குட்டியா?" என்றார் பொன்னம்மாள். "எங்க வூட்டு ஆளப் பத்தி நீங்க யாரு சார் எங்கிட்ட கேக்குறது?"

"ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை..."

"போயிட்டு வரட்டும் சார்" என்றார் நடராசன். "வெங்காயம் எடுக்குறப்ப லீவு போட்டு வந்துட்டுப் போவணும். அம்புட்டுதான்."

மலாவியிலிருந்து குன்னத்துக்கு பஸ் வசதி இல்லை என்பதை விளக்க அறிவரசன் முயலவில்லை. ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

வழியனுப்பு ஆராதனை மண்டபத்தில் நடந்தது. குன்னத்திலிருந்து இருவரும் வந்து கடைசி வரிசையில், பந்திக் கூடத்துக்குப் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலன் சாட்சி சொல்ல எழுந்தார். கர்த்தருக்குத் தாராளமாக ஸ்தோத்திரம் சொன்னார். சுந்தராம்பாளின் களிக்கும் அதில் பங்கு கொடுத்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"எங்க அக்காவும் மாமாவும் வந்திருக்காங்க. மொதப் பந்தியில அவங்கள உக்கார வைங்க."

மாமா என்ற சொல்லை நடராசன் அந்தத் தெருவுக்காரர் ஒருவர் வாயிலிருந்து, அதுவும் மைக்கில், கேட்டிருக்க மாட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"பந்தி கெடக்கட்டும்" என்று பொன்னம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஒனக்கு எல போட்டாச்சா? வாடா, மாமா பக்கத்துல வந்து உக்காரு."

ஜெயசீலன் மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.