உப்புப் பார்க்க நாக்கு இல்லை

லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். ஒரு திருகாணியை முடுக்கினால், இன்னொரு தரம் முடுக்கிப் பார்க்காமல் ஏணியை விட்டு இறங்க மாட்டார். அதனால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'ரெண்டுதரம்'. வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் மாறி மாறி வரும் என்பதால், கல்யாணமான மறு மாதமே கரண்டி இவர் கைக்கு வந்தது. பத்தொன்பது வருஷமாகியும் இறங்கவில்லை.

மனைவி சாப்பிடும் முன் கண்ணை மூடிக் கும்பிடுவாள். இவர் தட்டைப் பார்த்தபடி காத்திருப்பார். "கண்ணால பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போடுறதில்ல" என்பார். அவளும் வற்புறுத்தியதில்லை.

போன மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல், போகிற போக்கில் அவர் மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெங்காயம் கருகினால் புகையைப் பார்த்துத்தான் தெரியும். சுடச்சுடப் பருப்பை வாயில் வைத்தால் நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. டாக்டர், "தானா வரும், பொறுத்திருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"உப்பு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு வேளையும் கேட்பார்.

"கச்சிதமா இருக்குங்க" என்பாள் மனைவி. மகளும் தலையாட்டுவாள்.

ஒரு நாள் மறந்துவிட்ட டிபன் டப்பாவை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்தார். மனைவி பருப்புச் சட்டியில் வெந்நீரை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்த மகள், அப்பாவைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாளும் பொய்யா?"

"உள்ளதச் சொன்னா நீங்க அடுப்பங்கரைப் பக்கமே வரமாட்டீங்கன்னு பயந்துட்டேங்க."

"இனிமே வரப் போறதும் இல்ல."

சொன்னபடியே மூன்று நாள் வரவில்லை. கடை ரொட்டிதான். மகள் அதைத் தண்ணீரில் முக்கி முக்கி விழுங்கினாள்.

நான்காம் நாள் காலை, டியூட்டி முடிந்து வந்த மனைவி அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். எங்க அம்மா போனதுலேர்ந்து, கும்பிடுறப்ப எனக்கு ஒண்ணுமே தெரியறதில்லங்க. முன்னாடியெல்லாம் மனசு நெறஞ்சு போகும். இப்ப சப்புன்னு இருக்கு."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அம்மா போய் ஆறு வருஷம். எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் இது தெரியாமல் போயிற்றே.

"அப்புறம் எதுக்குக் கும்பிடுற?"

"எனக்குத் தெரியலன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுமா? உங்க நாக்குக்குத் தெரியலங்கிறதுக்காகப் பருப்புல உப்பு இல்லாமலா இருந்துச்சு? அப்பப்பா, வாயில வைக்க முடியல!"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சரி, சமைக்கிறேன். ஆனா இனிமே உள்ளது உள்ளபடி சொல்லணும்."

"நீங்க மூஞ்சியத் தூக்கக் கூடாது."

அன்று பீன்ஸைத் தாளித்தார். விரல் நுனியில் உப்பை அள்ளியபோது, அளவு கைக்குத் தெரிந்திருந்தது. போட்டார். இன்னொரு தரம் டப்பாவை நோக்கிப் போன கையை மனசில்லாமல் இழுத்துக்கொண்டார். தட்டில் வைத்து மனைவியிடம் நீட்டினார்.

"கொஞ்சம் கம்மிங்க" என்றாள்.

பரிசு விழுந்தவர் மாதிரி எழுந்து ஓடினார் உப்பெடுக்க. பத்தில் ஏழு நாள் சரியாக வந்தது. மீதி மூன்று நாளும் அவர்கள் சொன்னார்கள், அவர் நம்பினார்.

காய்ச்சல் வந்த எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பியை ஒரு வாய் குடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கசக்குது! ஏய், காப்பி கசக்குது!"

"சர்க்கரை போடலப்பா, கசக்காம என்ன செய்யும்?" என்றாள் மகள்.

அந்தக் கசப்பை ஆசை ஆசையாகக் குடித்தபடி மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உனக்கு?"

"இன்னும் இல்ல" என்று சொல்லி, அவர் டம்ளரை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்தாள். "வரும்ங்க."