மாஸ்டர் சொல்ல வந்த விஷயம்

பல் டாக்டர்களுக்கு ஒரு பழக்கம். நாம் வெளியே நாற்காலியில் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வாய்க்குள் இரண்டு கையும் ஒரு குழாயும் நுழைந்த பிறகுதான், "அப்புறம், வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பிப்பார்கள். இது மாஸ்டருக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்திருந்தும், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டார். அதுதான் வினை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்றுக்கொடுக்கும் வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பிரேக்கின் மேல்தான் அவர் பிழைப்பே ஓடியது. செருப்பு வாங்கினால் வலது கால் செருப்புதான் முதலில் தேயும். வீட்டில் மனைவி டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது, "போதும்" என்று வாய் சொல்வதற்குள் மேஜைக்கடியில் கால் தரையை அழுத்திவிடும். "நான் என்ன லாரியா, இப்படி மிதிக்கிறீங்க?" என்பாள் அவள்.

மற்ற மாஸ்டர்களைப் போல அவர் யாரிடமும் கத்துவதில்லை. புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுமாறினாலும் அவர் பக்கத்துப் பிரேக் பூப்போல இறங்கும், வண்டி அலுங்காமல் நிற்கும். "பிரமாதம்" என்பார். தானே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு அவர்கள் முகம் மலரும், பயம் தெளியும். அப்புறம் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார். கடைசி நாட்களில் சீட்டின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குள் அவர்களுக்கே பிரேக் பிடிபட்டிருக்கும். நடுவில் நடந்த இந்தத் தில்லுமுல்லு யாருக்கும் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. இத்தனை வருஷமாக எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

பல் டாக்டரம்மா விஷயத்தில்தான் சறுக்கியது. அவர் கற்றுக்கொள்ள வந்த சமயத்தில் மாஸ்டரின் கடைவாய்ப் பல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவோ பிரேக்கைக் கடைசி நிமிஷத்தில் ஓங்கி மிதிக்கிற ரகம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் அந்தக் குலுக்கல் நேராகப் பல்லுக்குள் போய் உச்சந்தலையில் வந்து நிற்கும். அதற்குப் பயந்து, டாக்டரம்மாவின் கால் பிரேக்குக்குப் போவதற்கு முன்பே மாஸ்டரின் கால் வேலையை முடித்துவிடும். இன்றைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று இருந்ததில் காலை எடுக்கவேயில்லை. டெஸ்ட் நாளும் வந்தது. அதிகாரி மைதானத்து ஓரமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றார், மாஸ்டர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார், டாக்டரம்மா பாஸ்.

இறங்கும்போது அவர் மாஸ்டரின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டார். "என்ன மாஸ்டர், இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்தீங்க? கிளினிக்குக்கு வாங்க. நான் பாக்கிறேன்" என்றார். அந்த அன்பில்தான் மாஸ்டருக்குத் தூக்கம் போனது. நேற்று நேரம் குறித்துச் சொல்லப் போன் செய்தபோது, "புது வண்டி வந்துடுச்சு மாஸ்டர்!" என்று வேறு சொல்லிவிட்டார். இன்று போனதும் முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மாஸ்டர் ஒத்திகை பார்த்தார். 'டாக்டர், உங்களுக்கு இன்னும் பிரேக் வரல. அது என் கால். தப்பு என்னோடது. இன்னும் கொஞ்ச நாள் வாங்க.' அவ்வளவுதான். நாலே வரி.

உள்ளே போனார். டாக்டரம்மா சிரித்த முகமாக ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஊசியைப் பார்த்ததும் மாஸ்டர் நாலு வரியையும் தள்ளிப்போட்டார். நம் பல்லைக் குடையப்போகிறவரிடம், அதுவும் குடைவதற்குச் சற்று முன்னால், உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யார் சொல்வார்கள்? கை நடுங்கிவிட்டால் யார் வாய்? முடிந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மாஸ்டர் வாயைத் திறந்தார். ஊசி இறங்கியது. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை மாட்டினார்கள், கன்னத்தில் பஞ்சு வைத்தார்கள், உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைத் தொங்கவிட்டார்கள்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா வலிக்காது. அப்புறம் மாஸ்டர், இன்னிக்கு என்ன விசேஷம் தெரியுமா?"

மாஸ்டர் கண்ணால் என்ன என்றார்.

"வண்டி கீழதான் நிக்குது. வீட்டுக்காரர் காலைல ஓட்டிட்டு வந்து நிறுத்திட்டு ஆபீஸ் போயிட்டாரு. உங்க வேலை முடிஞ்சதும் நானே எடுக்கப்போறேன். பிள்ளைங்க ரெண்டையும் ஸ்கூல்ல ஏத்திக்கிட்டு, நேரா மலைக்கு. எங்க அக்கா வீடு மேலதான் இருக்கு. யார்கிட்டயும் சொல்லல, எல்லாருக்கும் சர்ப்ரைஸ்!"

மாஸ்டருக்குக் குப்பென்று வேர்த்தது. அந்த மலைப்பாதை அவருக்கு அத்துப்படி. ஏறுவது ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் பேசவேண்டும். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர் கால் தானாக நீண்டு சிகிச்சை நாற்காலியின் நுனியை அழுத்தியது.

"ஆ... ஏ... ஓ... ஆ..." என்றார்.

"ஆமா, மழை இல்ல. பாத்துட்டேன்" என்றார் டாக்டரம்மா. "நீங்க பேசறது எனக்குப் புரியாதுன்னு நினைக்காதீங்க. திறந்த வாய்கிட்டயே பேசிப் பேசி எனக்கு அந்த பாஷை தண்ணிப்பட்ட பாடு."

மெஷின் 'ஙொய்' என்று கிளம்பியது. மாஸ்டர் இடது கையைத் தூக்கினார். மெஷின் நின்றது.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"பயமா இருக்கா?"

இருந்தது. உயிர் போகிற பயம். ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினார், டாக்டரம்மாவைக் காட்டினார், கீழே வண்டி நிற்கும் திசையைக் காட்டினார், இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களாக்கா, மாஸ்டருக்கு இங்கயும் வண்டி நினைப்புதான்" என்று நர்ஸிடம் சொன்னார். பிறகு மாஸ்டரின் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்ல? எனக்கு முதல் நாள் நீங்க இப்படித்தான சொன்னீங்க!"

அந்த வார்த்தை பல்லைவிட ஆழமாக இறங்கியது. மாஸ்டர் மறுபடி கையைத் தூக்கினார். டாக்டரம்மாவுக்கு இப்போது உண்மையிலேயே கவலை வந்துவிட்டது. "ஐயோ பாவம், மருந்து பத்தலபோல" என்று இன்னொரு ஊசி போட்டார். அத்தோடு நாக்கும் போயிற்று. சொந்த நாக்கா, யாராவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ரப்பரா என்று தெரியவில்லை. இன்னொரு முறை கையைத் தூக்கினால் இன்னொரு ஊசி வரும். மாஸ்டர் கையை இறக்கித் தொடையோடு அழுத்திக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து மெதுவாகப் போனை எடுக்கப் பார்த்தார். "ஆடாதீங்கய்யா, உள்ள ஊசி இருக்கு" என்று நர்ஸ் அதை வாங்கி எட்டாத இடத்தில் வைத்துவிட்டார்.

டாக்டரம்மா குடைந்துகொண்டே சந்தோஷமாகப் பேசினார். முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் கணவருக்காகக் காத்திருக்க வேண்டும், இனி அந்தத் தொல்லை இல்லை என்றார். கார் ஓட்ட வராது என்று மாமியார் பந்தயம் கட்டாத குறை என்றார். "நீங்க 'பிரமாதம்'னு சொல்லலைன்னா நான் ரெண்டாம் நாளே விட்டிருப்பேன் மாஸ்டர்" என்றார். மேலே எரிந்த விளக்கை மாஸ்டர் பார்த்தபடி கிடந்தார். கண்ணோரம் வழிந்ததை நர்ஸ் பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. "அடைச்சது இறுகணும், அரை மணி நேரம் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக்கூடாது" என்று டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், சாவியை எடுத்தார். மாஸ்டர் மேஜையிலிருந்த மருந்துச் சீட்டைப் பிடுங்காத குறையாக எடுத்து அதன் பின்பக்கம் எழுதினார்: 'இன்று வண்டி எடுக்காதீர்கள்.'

பேனா அங்கேயே நின்றது. அடுத்த வரியை எழுதியிருக்கவேண்டும். ஏன் எடுக்கக்கூடாது என்பதை எழுதியிருக்கவேண்டும். இப்போது கையை யாரும் பிடிக்கவில்லை, பேனாவையும் யாரும் பிடுங்கவில்லை. அப்படியும் எழுதவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

படித்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "நீங்களே இப்படிப் பயமுறுத்தினா எப்படி? சரி, அவ்வளவு கவலைன்னா கூட வாங்க. ஸ்கூல் வரைக்கும். வழியிலதான உங்க வீடு."

மாஸ்டர் முதல் ஆளாகப் படியிறங்கினார். பக்கத்தில் உட்கார்ந்தாலாவது ஏதாவது செய்யலாம் என்று நினைத்தார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக் காலை நீட்டினார். காலுக்குக் கீழே பிரேக் இல்லை, புது மிதியடிதான் இருந்தது.

கேட்டைத் தாண்டியது அழகாகத்தான் இருந்தது. கடைத்தெருவும் சரிதான். பெரிய சாலையில் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. முன்னால் போன ஸ்கூல் வேன் நின்றது. டாக்டரம்மா கற்றுக்கொண்டபடியே செய்தார். பிரேக்கின் மேல் காலை மெத்தென்று வைத்தார். இத்தனை நாளும் அவ்வளவு போதுமாக இருந்தது. இப்போது வண்டி நிற்கவில்லை. டாக்டரம்மா காத்திருந்தார். வேனின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாஸ்டர் மிதியடியை உயிரைக் கொடுத்து மிதித்தார், மிதித்தார், பிறகு நாக்கில்லாத வாயால் ஒரு அலறல் அலறிக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

டயர் கிறீச்சிட்டு, வண்டி குலுங்கி நின்றது. வேனின் பின் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே இரண்டு வாண்டுகள் இவர்களைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்தன.

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "பிரேக்ல ஏதோ கோளாறு மாஸ்டர்" என்றார். "நான் வச்சேன். சத்தியமா வச்சேன். புது வண்டில பாருங்க, இப்படிக் கொடுத்திருக்காங்க!"

தப்பிக்க வழி தானாக வந்து கதவைத் தட்டியது. தலையை ஆட்டினால் போதும். வண்டியை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு, ஏதோ சாக்குச் சொல்லி நாலு நாள் கூடுதலாகக் கற்றுக்கொடுத்து, மாஸ்டர் பெயரும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். மாஸ்டரின் தலை பாதி ஆடவும் ஆடியது. அப்போது வேனிலிருந்த வாண்டுகளில் ஒன்று கண்ணாடியில் மூக்கை நசுக்கிப் பழிப்புக் காட்டியது.

மாஸ்டர் வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். பேசினார். உதடு ஒரு பக்கம் போனது, எச்சில் வழிந்தது, ஒரு சொல்லும் உருப்படியாக வரவில்லை. ஆனால் டாக்டரம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை அவர், காது கொடுத்துக் கேட்டால் அந்த பாஷை நிஜமாகவே தெரிந்திருந்தது. பல் வலி, குலுக்கல், கால், பிரமாதம், எல்லாம் புரிந்தது.

"டெஸ்ட் அன்னிக்கும்?"

"அன்னிக்கும்" என்றார் மாஸ்டர்.

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். டாக்டரம்மா இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். மாஸ்டர் இடம் மாறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

ஸ்கூல் வாசலில் நிறுத்தியதும் டாக்டரம்மா நேராகப் பார்த்தபடி கேட்டார். "உங்க பல்லுல இவ்வளவு பெரிய ஓட்டையைப் பாத்துட்டு, மாஸ்டர் மனசு கஷ்டப்படுமேன்னு நான் 'பிரமாதமா இருக்கு, போயிட்டு வாங்க'ன்னு அனுப்பியிருந்தா?"

மாஸ்டர் சாவியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

தூரத்தில் பிள்ளைகள் இருவரும் புது வண்டியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். டாக்டரம்மா கணவருக்குப் போன் செய்து வரச்சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"நாளைக்குக் காலைல வந்துடுங்க மாஸ்டர். முதல்லேர்ந்து சொல்லிக்கொடுங்க. இந்த வண்டிலயே, காலி மைதானத்துல. ஆனா நீங்க பின் சீட்ல உட்காரணும்."

பின் சீட்டில் கால் எட்டாது. தப்பு நடந்தால் தப்பு என்று வாயைத் திறந்து சொல்லியாகவேண்டும். இத்தனை வருஷ சர்வீசில் மாஸ்டர் செய்தறியாத வேலை அது.

"சரி" என்றார்.