நாலாம் பாகத்து வில்லன்

பகலில் ஷேக் பரீத் தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் வார் வெட்டுகிறவர். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல். மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்து பல வருஷங்கள் ஆகியும் யாரிடமும் சத்தமாக ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. வருஷத்தில் ஒரு நாள் மட்டும், அங்குள்ள தமிழர்கள் மைதானத்தில் நடத்தும் பொங்கல் விழா நாடகத்தில், அவர் இருளப்பன் என்ற தாதாவாக மேடையேறுவார்.

அந்த வேஷம் அவரைத் தேடி வந்ததற்குக் காரணமே அந்தக் குரல்தான். நாடகத்தை எழுதி நடத்திய தளவாய், சயானில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்று பொங்கலுக்காக வில்லனுக்கு ஆள் தேடியபோது வந்தவர்கள் எல்லாரும் கண்ணை உருட்டிக் கத்தினார்கள். ஒத்திகையை வேடிக்கை பார்க்க வந்த பரீத், தன் இடத்தில் உட்கார்ந்துவிட்ட ஒருவனிடம், "நான் எந்திரிச்சது தண்ணி குடிக்க. போறதுக்கு இல்ல" என்றார். அவன் உடனே எழுந்துகொண்டான். தளவாய் திரும்பிப் பார்த்தார்.

"கத்தாமப் பேசுதீரே வே. எனக்கு அதான் வேணும்."

கதை எளிமையானது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சுடலை, தன் வரிசைக் குடிசைகளைக் காலி செய்ய வரும் இருளப்பனை எதிர்த்து நிற்கிறான். சுடலையாக நடித்தவன் வெயிலுமுத்து, டாக்சி ஓட்டுகிறவன். நல்ல உயரம், நல்ல முகம், மேடை மட்டும் புதிது. முதல் காட்சியில் இருளப்பன் சுடலையின் குடிசைக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, "தண்ணி நல்லாருக்கு. நாளைக்கு இங்க குழாய் இருக்காது" என்று சாவகாசமாகச் சொல்ல வேண்டும். பரீத் சொன்னார். மைதானம் அடங்கிவிட்டது. அப்படி ஒருவன் தங்கள் வீட்டுக்குள் எப்போது வந்து உட்காருவானோ என்று நிஜமாகவே பயந்து வாழ்ந்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

வெயிலுமுத்துவுக்குக் கை நடுங்கியது. அதை மறைக்கத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வசனத்தைச் சொன்னான். தளவாய் எழுதிக் கொடுத்ததில் துண்டு கிடையாது. பார்த்தவர்களுக்கோ பயந்துகொண்டே எதிர்த்து நிற்கிற ஒரு மனிதன் தெரிந்தான். சுடலை கடைசியில் ஜெயித்தான், ஆனால் ஜெயிப்பானா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஜனங்கள் சுடலையைத்தான் கேட்டார்கள். இரண்டாம் பாகம் வந்தது. வெயிலுமுத்து துண்டைத் தொட்டதும் ஒரு மூலையிலிருந்து விசில் எழும்பியது. அவன் வசனத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். மூன்றாம் பாகத்தில் துண்டு சிவப்புப் பட்டாகிவிட்டது. சுழற்றித் தோளில் போடுவதற்கென்றே தளவாய் இடம் இடமாக எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் டிரம் அடித்தார்கள். சுடலைக்குக் கை நடுங்குவது நின்றுபோனது. மனைவியாக நடித்த மாதுங்கா ஷ்யாமளா முதல் பாகத்தில், 'வீராப்பு பேசிட்டு வந்துட்டியே, புள்ளைய எங்க படுக்க வைக்க?' என்று புருஷனை உலுக்கி எடுப்பாள். மூன்றாவதில் அவளுக்கு ஆரத்தித் தட்டோடு ஓடி வருவதைத் தவிர வேலை இல்லை.

பரீத் அந்த வருஷமும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை பக்கத்திலிருந்தவளிடம், "இப்ப அடி வாங்குவான் பாரு" என்றது. சுற்றிலும் சிரிப்பு. அவர் கையில் டம்ளரோடு சிரிப்பு அடங்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர்களோடு வீடியோ ஹாலுக்குப் போனார். ஏதோ ஓர் இங்கிலீஷ் சண்டைப் படத்தின் மூன்றாம் பாகம். கதாநாயகனை மரத்தில் கட்டி வைத்துக் கீழே தீ மூட்டினார்கள். பரீத் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ரஹ்மத்துல்லா நிதானமாகக் கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"சாவ மாட்டான் பாய். நாலாம் பாகத்துக்குப் போஸ்டர் ஒட்டியாச்சு."

கட்டு அறுந்ததும் ஹாலே எழுந்து விசிலடித்தது. பரீத் திரையில் வில்லனைப் பார்த்தார். எவ்வளவோ பாடுபட்டு நடித்திருந்தான், பாவம்.

நாலாம் பாகத்துக்கு ஒத்திகை தொடங்கியபோது தளவாயைத் தனியாகப் பிடித்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ சுடல ஒரு சீன்லயாவது தோக்கட்டும்."

"எதுக்கு வே?"

"தோத்துருவானோன்னு சனத்துக்கு ஒரு நிமிசமாவது தோணணும்லா. இல்லன்னா நான் எதுக்கு மேடையில நிக்கேன்?"

தளவாய் கோபப்படவில்லை. "வருசம் பூரா மூட்ட தூக்குதான், சாக்கடையில நிக்கான், எவன்கிட்டயோ ஏச்சு வாங்குதான். ஒரு நாள் தன்னப்போல ஒருத்தன் ஜெயிக்கிறதப் பாக்க வாரான். அவன்கிட்டப் போயி தோத்துக் காட்டச் சொல்லுதீரா?"

பரீத் ஒத்திகைக்குத் திரும்பிப் போனார். தளவாய் சொன்னதில் பொய் இல்லை.

எண்பத்தாறு பொங்கல். கடைசிக் காட்சியில் சுடலை துண்டைச் சுழற்றி ஒரே குத்து விடுவான், இருளப்பன் சாய வேண்டும். குத்து விழுந்தது. பரீத் சாயவில்லை. முன்கூட்டி யோசித்துச் செய்யவில்லை என்று பிறகு வீட்டில் சொன்னார். அவர் மனைவி அக்தர் பானு அதை நம்பவில்லை.

கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். விசில் கொஞ்ச நேரம் பறந்தது, அப்புறம் ஓய்ந்தது. என்னவோ கோளாறு என்று ஜனங்கள் பார்த்தார்கள்.

"ஒன் பொஞ்சாதி எங்கன்னு நீ கேக்கவே இல்லியே, சுடல" என்றார் பரீத்.

ஷ்யாமளா அந்த நேரம் ஆரத்தித் தட்டோடு ஓடி வர வேண்டும். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மறைவிலேயே நின்றுகொண்டாள். வெயிலுமுத்து அந்தப் பக்கம் பார்த்தான். யாரும் வரவில்லை. படுதாவுக்குப் பின்னாலிருந்து தளவாய், "விழும் வே, விழும்" என்றது முன்வரிசைக்குக்கூடக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"அவள ஒண்ணும் செஞ்சிராத" என்றான் வெயிலுமுத்து. குரல் பிசிறியது. "அவளுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. நான் எடத்தக் காலி பண்ணிட்டுப் போயிருதேன்."

தூரத்தில் ரயில் போகிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் பின்னாலிருந்து ஒரு செருப்பு வந்து விழுந்தது. "சுடல கெஞ்ச மாட்டாம்லே" என்று ஒரு குரல். அடுத்து வந்த கல்லில் டியூப்லைட் உடைந்து வெயிலுமுத்துவின் புருவத்தில் கீறியது. விழாக் குழுவினர் படுதாவை இறக்கினார்கள்.

மேடைக்குப் பின்னால் தளவாய் பரீத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. இருளப்பன் ஜெயிலில் செத்துவிட்டதாக அடுத்த பாகம் தொடங்கும் என்று மட்டும் சொன்னார். ஷ்யாமளா புடவை மாற்றிக்கொண்டு போகிற வழியில் நின்றாள்.

"அடுத்து என்ன ஆகும்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியல, பரீத் சார்."

சில நாள் கழித்து வெயிலுமுத்து புருவத்தில் பிளாஸ்திரியோடு பட்டறைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்பதற்குப் பரீத் வாயைத் திறக்குமுன், "கோவமெல்லாம் இல்ல பாய்" என்றான். "நெசமாவே அவளுக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சுட்டேன்."

"நல்லாச் செஞ்ச, வெயிலு."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு அந்த விசில் வேணும் பாய். டாக்சில ஏறுதவன் ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டான். பின்னால உக்காந்துகிட்டு 'சலோ'ம்பான். அவ்வளவுதான்."

டீயைக் குடித்துவிட்டுப் போனான். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இருப்பதாகப் பரீத்துக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் பாகத்துக்கு முந்தின எல்லா வருஷத்தையும்விடக் கூட்டம். பரீத் அக்தர் பானுவோடு பாயில் உட்கார்ந்து பார்த்தார். துண்டு சுழன்று மேலே போனபோது மைதானமே எழுந்தது. அவரும் எழுந்து கை தட்டினார். அந்தக் கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது முடிந்து புது வில்லன் வந்து வசனம் பேச ஆரம்பித்ததும் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

"இந்த மனுசர் எதுக்கு இப்படிக் கத்துதாரு?" என்றாள் அக்தர் பானு.

"கேக்க ஆளில்லல்லா, அதான்."

கடைசிவரை இருந்து பார்த்துவிட்டே இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுவருஷம் செம்பூரில் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு ஷ்யாமளா அவர் பெயரைச் சொல்லி அனுப்பினாள். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போகிற ஒரு குமாஸ்தா வேஷம். ஒரே ஒரு தடவைதான் போட்டார்கள், இரண்டாம் பாகம் என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலிகள் பாதி காலியாகக் கிடந்தன. குமாஸ்தாவின் மனைவி டப்பாவைத் திறந்து, சோறு அப்படியே இருப்பதைப் பார்க்கிற இடத்தில், இரண்டாம் வரிசையில் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். பரீத் அதைக் கண்டார். கண்டும் காணாதவர்போல அடுத்த வசனத்தைத் தன் தாழ்ந்த குரலிலேயே சொல்லிக்கொண்டு போனார்.