சிவப்பு எங்கே?

பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார் ஐவி ஸ்போஃபோர்த். ஒரு முறை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. மூடியைத் திருகிவிட்டு, வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரிக்கிறார். கால் மணி நேரம் கழித்து வந்து அதில் என்னென்ன ஒழுகியிருக்கிறது என்று பார்ப்பார். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று மழுப்புவார். "சும்மா ஒரு சொட்டுதான், ஐவி." அதற்கு அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான். "எல்லா க்ளெய்மும் அப்படித்தான் ராசா ஆரம்பிக்கும்."

இந்த 'ராசா'வைக் கேட்டு யாரும் குளிர்ந்துபோக வேண்டாம். சந்தேகம் ஏற ஏறத்தான் அவருக்குப் பாசம் கூடும். 'என் ராசா' என்றால் உங்கள் பிரேக் போய்விட்டது என்று அர்த்தம்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள எங்கள் பழைய ராணுவ வண்டிச் சங்கத்துக்கு ஐவிதான் பாதுகாப்பு அலுவலர். அறுபத்தொன்பது வயது. ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றதும் அவராகவே வந்து இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சொந்தமாக அவரிடம் இருப்பது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன கார். ஜீப்பும் இல்லை, லாரியும் இல்லை. வண்டியே இல்லாத ஒருவருக்கு எங்கள் சங்கத்தில் என்ன வேலை என்று முதல் நாளிலிருந்தே எங்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அவருடைய கைப்பையில் நண்டு வடிவக் காந்தம் ஒன்று உண்டு. கடற்கரைக் கடையில் வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டுவார்களே, அது. அதை வண்டியின் மேல் மெல்ல நகர்த்துவார். நண்டு வழுக்கி விழும் இடத்தில் இரும்பு இல்லை, துருவை மறைக்கப் பூசிய மாவுதான் இருக்கிறது. அங்கே பின்னல் ஊசியால் ஒரு குத்து. பையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு குப்பியும் இருக்கும். ஆனால் அவர் நகத்தில் பூச்சைக் கண்டவர் யாருமில்லை. அது யாருக்காக என்று எங்கள் ஆண்கள் கிசுகிசுத்ததை இங்கே எழுத முடியாது.

சோதிக்கப் போகும் இடத்தில் தேநீர் தொடமாட்டார். "உங்க டீய குடிச்சா என் கண்ணு மங்கிடும்" என்று தன் பிளாஸ்க்கைத் திறந்துகொள்வார்.

எங்கள் வண்டிகளின் வயதுக்கு வருடாந்திரச் சோதனை தேவையில்லை என்று சட்டமே விட்டுவிட்டது. ஐவி விடவில்லை. இருட்டில் மின்னும் முள் வைத்த பழைய மீட்டரின் கண்ணாடியை யாராவது கழற்றப் போனால், உள்ளே ரேடியம் என்று கத்துவார். கல்யாண ஊர்வலத்துக்கு ஜீப் ஓட்டிய ஒருவர், "வாடகைக்கு இல்ல, நட்புக்காக ஓட்டினேன்" என்றார். "என்ன குடுத்தாங்க ராசா?" "ஒரு பன்றித் தொடை." "அதுவும் கூலிதான். வழியில யாராவது விழுந்திருந்தா உன் பாலிசி செல்லாது." என் ஜீப்பில் இருப்பது மரத் துப்பாக்கி. இனி சுடாது என்பதற்கான செயலிழப்புச் சான்றிதழை அதற்கும் கேட்டார். ஊசியால் குத்திப் பார்த்த பிறகுதான் மரம் என்று நம்பினார்.

எங்களுக்கு உண்மையில் பயம் அவருடைய கறுப்பு நோட்டைப் பார்த்துத்தான். பார்ப்பதையெல்லாம் அதில் எழுதுவார். அது பழைய அலுவலகத்துக்குப் போகிறது என்பது சங்கத்தில் எல்லோருடைய நம்பிக்கை. ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஐவி, எங்களைப் பத்தி அங்க போட்டுக்குடுக்கறியா?"

"ஆமான்னே வச்சுக்கோ. பயம் இருந்தா நல்லதுதானே."

அன்றிலிருந்து என் சந்தேகம் இரண்டு மடங்கானது.

போன ஜூனில் நடந்த கண்காட்சிக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ரோலண்ட் டெபட் தன் மூன்று டன் லாரிக்குக் குளிர்காலம் முழுக்கப் பெயிண்ட் அடித்திருந்தார். 1943ஆம் வருடத்துப் பச்சை, ஆணி முதல் கூரை வரை. அசலைப் போலவே இருக்கிறது என்று மே மாதம் கோப்பையும் வாங்கிவிட்டார். வண்டியை யாரும் விரலால் தொடக்கூடாது. "புதுப் பெயிண்டப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது" என்று ஐவி சொன்னதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மைதானத்துக்குள் வந்ததும் அந்த லாரியின் முன் டயர் தொய்ந்துவிட்டது. பதினொரு மணிக்கு அணிவகுப்பு. ரோலண்ட் ஈரப் புல்லில் முழங்காலிட்டு நீளமான ஸ்பேனரை மாட்டினார். அவர் மனைவி க்ளெனிஸ் எல்லோருக்கும் தேநீர் தட்டோடு வந்தார். செய்தித்தாளும் கையுமாக வந்த ஐவி பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"ரோலண்ட். கைய எடு."

'ராசா' சேர்க்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன தாயே, சக்கரம் மாத்தக்கூட உன் கையெழுத்து வேணுமா?"

"சிவப்பு எங்க?"

"என்ன சிவப்பு?"

"வெளி வட்டத்து நட்டுல சிவப்பு இருந்திருக்குமே. எங்க?"

"ஓ, அதுவா? அதெல்லாம் பின்னாடி எவனோ பூசினது. நாப்பத்திமூணுல கிடையாது. போட்டோவே வச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினார்.

"கறுப்பு வெள்ளை போட்டோவா?"

"ஆமா."

"அதுல சிவப்பு எப்படிய்யா தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். ஐவி சிரிக்கவில்லை. அந்தச் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்தது. உள் வட்டத்து நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும். வெளி வட்டத்தவை இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும். உள்ளே காற்று இருக்கும்போது அவற்றைத் தொடாதே என்பதற்குத்தான் சிவப்பு. ரோலண்டின் ஸ்பேனர் வெளி வட்டத்தில் இருந்தது.

"எத்தனை?"

"ரெண்ட தளர்த்திட்டேன். இது மூணாவது." ரோலண்டின் குரல் இறங்கிவிட்டது.

டயர் தொய்ந்திருந்தாலும் உள்ளே இருந்த காற்று போதும். இன்னும் சில நட்டுகள் தளர்ந்திருந்தால் முன்பாதி பறந்து வந்து அவர் முகத்தில் அடித்திருக்கும். ஐவி எங்கள் எல்லோரையும் தூரத் துரத்தினார். சக்கரத்துக்கு நேரே போகாமல், டயருக்குப் பின்னால் புல்லில் குப்புறப் படுத்து, கையை மட்டும் சுற்றி நீட்டி வால்வைக் கழற்றினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

சீறல் அடங்கியதும் அவர் எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டினார்.

"நான் வேலைல இருந்தப்ப ஒரு க்ளெய்ம் ஃபாரம் வந்துச்சு. இதே மாதிரி சக்கரம். வண்டிக்காரர் கையெழுத்துப் போடற எடத்துல அவர் சம்சாரம் போட்டிருந்தா. வண்டி புதுசா பெயிண்ட் அடிச்சதுன்னு கீழ ஒரு வரி."

க்ளெனிஸ் தேநீர்த் தட்டைப் புல்லிலேயே வைத்துவிட்டார். ஐவியை ஒற்றர் என்று ஊரெல்லாம் பேசிய நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

ஐவி கைப்பையிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்தார். கோப்பை வாங்கிய பச்சையின் மேல், வெளி வட்டத்தில், ஒரு நட்டைச் சிவப்பாக்கினார். அடுத்து இன்னொன்று. மூன்றாவதற்குப் போகும்போது ரோலண்ட் கையை நீட்டினார்.

"குடு. நான் பூசறேன்."

ஐவி பக்கத்திலேயே நின்று கண்காணித்தார். "அந்தக் கீழ் நட்ட விட்டுட்ட, ராசா."

வட்டம் முழுக்கச் சிவந்த பிறகு க்ளெனிஸ் ஒரு கோப்பைத் தேநீரை அவரிடம் நீட்டினார். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஐவி வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்தார். ஒரு முறை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. அதற்குப் பிறகு குடித்தார்.