என் கடை மேல் அவர்கள் பேனர்

பேகம்பூரில் நான் வைத்திருக்கும் சின்ன ரெடிமேட் கடையின் போர்டு இன்று காலையிலிருந்து கண்ணில் படவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பெரிய ஜவுளிக்கடையின் கிறிஸ்துமஸ் தள்ளுபடி பேனர் அதை முழுசாக மூடிவிட்டது.

நான் கடை திறக்கப் போனபோது ஒருவர் ஏணியில் நின்று கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், "நடக்காத கடைன்னு நெனச்சேண்ணே. சாயங்காலம் வந்து மாத்திக் கட்டுறேன்" என்றார்.

நானும் விளம்பரம் செய்யாமல் இல்லை. லோக்கல் டிவி சேனலில் படத்துக்கு அடியில் விளம்பர எழுத்து ஓடவிட்டேன். அதைப் பார்த்து வந்தவர் ஒரே ஒருவர், சேனலுக்குப் பணம் வாங்க வந்தவர்.

மதியம் ஒரு அம்மா மகளோடு வந்தார். "இது அந்தப் பெரிய கடையோட பிராஞ்சாண்ணே?"

'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று அந்த பேனரிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் "உள்ள வாங்கம்மா" என்று ஃபேனைப் போட்டேன்.

போன வாரம் வேறொருவர் 'சாயம் போகும்' என்று திருப்பி வைத்த சிவப்பு கவுனை அந்த அம்மா எடுத்தார். விலைகூடக் குறைத்துக் கேட்கவில்லை. போகும்போது மகளிடம் சொன்னார்: "பாத்தியா, பெரிய கடைன்னா துணியே தனி. சின்னக் கடையில எடுத்தா ஒரு தண்ணிக்குத் தாங்காது."

சாயங்காலம் பேனர் கட்டியவர் சொன்னபடி ஏணியோடு வந்துவிட்டார். "அவுத்துடவாண்ணே?"

"கிறிஸ்துமஸ் முடியட்டும் அப்பு" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நண்பர்கள் யாராவது என் கடைக்கு வருவதாக இருந்தால், அந்தப் பெரிய கடையின் பெயரைச் சொல்லி வழி கேளுங்கள். என் பெயரைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது.