நம்ம தெருவுக்கு மட்டும் போட்ட முகக்கவசம்

நான் பிழைக்க வந்திருக்கும் கிராட்ஸ் நகரத்தில், குளிர்காலம் வந்தால் மூச்சு விடுவதற்கென்றே மலையேறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பிளாஸ்கும் கையுமாகக் குடும்பம் குடும்பமாகப் பேருந்துக்கு நிற்கிறார்கள். வந்த புதிதில், மேலே ஏதோ கோயில் இருக்கும் போல என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் அரைகுறை ஜெர்மனில், "மேலே என்ன சாமி?" என்று கேட்டும் விட்டேன். அவர் சற்று யோசித்து, "வெயில்" என்றார். இவர்கள் சூரியனைக் கும்பிடுகிறவர்கள் என்று ஒரு குளிர்காலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். நம்ம அறிவு அம்புட்டுதான்.

பிறகுதான் விளங்கியது. மலைகள் வளைத்த பள்ளத்தில் இருக்கிறது ஊர். குளிர்ந்த காற்று கீழே படுத்துவிட, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று சோற்றுப்பானை மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். வெயிலும் நல்ல காற்றும் அந்த மூடிக்கு மேலேதான். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொடிக்கு ஃபைன்ஷ்டாவுப் என்று பெயர். என் மகளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. அதனால் குளிர்காலத்தில் முகக்கவசம் இல்லாமல் நாங்கள் படியிறங்குவதில்லை.

எங்கள் ஊர் மதுரை இப்படிப் பள்ளமில்லை. மேற்கே நாகமலை, வடகிழக்கே யானைமலை, மற்றபடி வெட்டவெளி. ஆடிக்காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டாலும் புகையை நிற்க விடாது. மார்கழி வேறு மாதிரி. மழை ஓய்ந்து, காற்று அசையாமல், விடியும்போது ஊரே வெள்ளையாகக் கிடக்கும். அதை நாங்கள் பனி என்போம். காதில் மப்ளரை இறுக்கிக்கொண்டு, மூக்கையும் வாயையும் திறந்துபோட்டுத் திரிவோம். பனி காது வழியாகத்தான் ஏறும் என்பது எங்கள் வைத்தியம். அந்த வெள்ளையில் பாதி, குளிர்காய எரிக்கிற குப்பையும் டயரும் என்பது இங்கே வந்துதான் எனக்கு உறைத்தது.

போன மார்கழியில் மகளோடு மதுரை வில்லாபுரத்திலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நாள் முழுக்கப் புகைக்குள்தான் பிழைப்பு. போனில் பேசும்போதெல்லாம் பாதிப் பேச்சை இருமல் தின்றுவிடும். அவருக்கென்றே ஒரு பெட்டி முகக்கவசம் கொண்டுபோயிருந்தேன். தெருமுனையில் இறங்கியதும் டயர் கருகுகிற நெடி. சட்டென்று மகளுக்கு ஒன்றை மாட்டி, நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன். வாசலில் நின்ற மதினி "வாங்க" என்று எடுத்த வாய் அப்படியே நின்றது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"இம்புட்டு நாத்தமாடா அடிக்குது நம்ம தெரு?"

"நாத்தம் இல்லண்ணே, புகை. ஒனக்கும் வாங்கியாந்திருக்கேன், வண்டி ஓட்டுறப்ப போட்டுக்க."

"பனிக்கு எதுக்குடா மூக்கப் பொத்தணும்?"

"கொரோனாவுக்கு ஊரே போட்டுச்சேண்ணே."

"அது ஊரே போட்டது. நீ நம்ம தெருவுக்கு மட்டும் போட்டுட்டு வார."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. திருவாதவூர்ப் பக்கத்தில் அப்பா கூலிக்குக் கதிர் அறுத்த காலத்தில், ஆள் கூப்பிட வருகிற நிலக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் கால் வைக்க மாட்டார்கள். தெருமுனையிலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அப்பாவைப் பேர் சொல்லி, வாடா என்று கூப்பிடுவார்கள். அந்தத் துண்டைப் பார்க்காத இடத்தில் பிள்ளைகள் வளர வேண்டும் என்றுதான் அப்பா எங்களை வில்லாபுரத்துக்குக் கூட்டி வந்தார். அப்படி அவர் கூட்டி வந்த தெருவுக்கே நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றேன். உடனே கழற்றிவிட்டேன். மகளுடையதைக் கழற்றத் துணியவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது.

மறுநாள் காலை தெருவில் எங்கும் நெருப்பில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு பெரியவர்கள் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வீடு வீடாகப் போய், "தம்பி மகளுக்கு மூச்சு முட்டுதாம், அது இருக்கிற மட்டும் பொறுத்துக்கங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஒருவரும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கிளம்பும் நாளில் அண்ணன்தான் விமான நிலையத்துக்கு ஆட்டோ ஓட்டினார். தெருமுனை திரும்பியதும் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து முகக்கவசப் பெட்டியை எடுத்து ஒன்றை மாட்டிக்கொண்டார். "ரோட்டுல போட்டுக்கிறேன்டா. நம்ம தெரு வந்தா கழட்டிருவேன்" என்றார். அந்த மட்டும் அவர் போட்டதே எனக்குப் பெரிது. ஆனால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

இங்கே இப்போது மறுபடி குளிர்காலம். டிராமிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது என் கை தானாகக் கவசத்தைக் கழற்றிவிடுகிறது. நேற்று பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு ஃபைன்ஷ்டாவுப் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கிறது. ஆனால் இது என் தெரு" என்றேன்.

"தெரியுமே, நானும் இங்கேதான் இருக்கிறேன்" என்று சிரித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.