பொன்னழகு என்ற எதுகை

திண்டுக்கல் கல்லூரியொன்றில் தமிழ் நடத்தும் அறிவுச்செல்விக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் விரல் தானாக அசை பிரிக்கும். சாவு வீட்டு ஒப்பாரியைக்கூட விடமாட்டாள். இது ஒரு வியாதி என்று புருஷன் பிராங்க்ளின் கேலி பேசுவார். அந்த வியாதியை நம்பித்தான் வக்கீல் சகாயராஜ் அவள் வீட்டுப் படியேறினான்.

அவள் பிறந்தது கன்னிவாடிப் பக்கம். அந்த ஊர்த் திருவிழாவில் கும்மிக்கு முன்னால் நின்று பாடும் பேச்சாயி இந்தப் பாட்டை எடுத்துக் கொடுத்திருந்தாள்:

கன்னிவாடிக் காட்டுக்குள்ளே காஞ்சு போச்சு நாத்து
பொன்னழகு வீட்டுக்குள்ளே பொங்கி வழியுது ஊத்து

"தட்டுடி கதவை" என்று பெண்கள் மூன்று தரம் திருப்பிப் பாடினார்கள். பொன்னழகு, ஊர்க் கிணறெல்லாம் வற்றும்படி ஆழ்துளைக் கிணறு போட்டு லாரியில் தண்ணீர் விற்கும் மகராசன். கலவரத்துக்குத் தூண்டுகிறாள் என்று புகார் கொடுத்துவிட்டார். பேச்சாயியைத் தினமும் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள்.

"எதுகைக்காகத்தான் அந்தப் பேரு வந்துச்சுன்னு எழுதிக் குடுங்கக்கா. கேஸு நிக்காது," என்றான் சகாயராஜ்.

அது பச்சைப் பொய். ஜமீன் காலத்திலிருந்தே, தண்ணீரை மறிப்பவன் எவனோ அவன் பெயரைத்தான் அந்த இடத்தில் வைத்துப் பாடுவார்கள். அந்த வட்டத்தில் கை கொட்டி வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் எழுதினாள். கன்னிக்குப் பொன்னழகு எதுகை, பொன்னழகுக்குப் பொங்கி மோனை, நாத்துக்கு ஊத்து இயைபு. கதவைத் தட்டச் சொல்லி மூன்று தரம் வருவது கும்மியின் தாளம் தவறாமலிருக்க. அதற்குமேல் பொருள் ஏதுமில்லை. பேச்சாயியை விட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம், அந்த ஆழ்துளைக் கிணற்றை மூடச் சொல்லி ஊர்ப் பெண்கள் குறைதீர்க் கூட்டத்தில் மனுக் கொடுத்தார்கள். பொன்னழகு, அறிவுச்செல்வி எழுதியதன் நகலை அதிகாரியிடம் நீட்டினார்.

"பாட்டுல பாடுனதத்தான் சார் மனுவா எழுதியிருக்காக. அதுல ஒண்ணும் இல்லைன்னு காலேஜ் டீச்சரே சொல்லிட்டாக."

மனு ஓரமாகப் போனது. அறிவுச்செல்வியும் கேள்விப்பட்டாள். மறுத்து எழுதலாம், எழுதினால் பேச்சாயி மறுபடி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சாயி ஒரு பை முருங்கைக்காயோடு வந்து நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று அறிவுச்செல்வி நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"உங்க புண்ணியத்துல பிள்ளைகளோட இருக்கேன் டீச்சர்," என்றாள் பேச்சாயி. "வரப்போற திருவிழாவுக்கும் நாந்தான் பாடணுமாம். யாருக்கும் கோவம் வராத பேரா, எதுகையும் சரியா வாரமாதிரி, ஒண்ணு சொல்லுங்களேன்."